"சர்வர் பழசு" என்று சொன்னால் முதலில் முழு லாக்கைக் கேளுங்கள்

பெங்களூரில் சின்ன வியாபாரத்துக்கு வெப்சைட் வைத்துக்கொண்டு, அதைப் பராமரிக்க வெளியே ஆள் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அல்சூரில் எங்களுக்குப் பலகாரக் கடை. முறுக்கு, தட்டை, அதிரசம், மனோகரம். பண்டிகை நேரத்தில் ஆர்டரில் பாதிக்கு மேல் வெப்சைட் வழியாகத்தான் வரும். அதை எழுதிக் கொடுத்த பையன் வேறு வேலை கிடைத்து ஹைதராபாத் போய்விட்டான். அதனால் பிடிஎம் லேஅவுட் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் என்று ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்தோம். பெயர் வேண்டாம். அங்கே மேனேஜர் ஓசூர்க்காரர். "அண்ணா, நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன கணக்கு" என்பார். கணக்கெல்லாம் பில்லில் வந்தது.

2025 செப்டம்பரில், தீபாவளி சீசனுக்காகக் கூப்பன் வசதி ஒன்றைச் சேர்க்கச் சொன்னோம். சேர்த்தார்கள். அன்றோடு சைட் படுத்துவிட்டது. பழைய ஆப்பை நிறுத்திவிட்டு அப்புறம் புதியதை ஏற்றும்படி அவர்கள் ஸ்கிரிப்ட் எழுதியிருந்ததால், ஏற்றுவது பாதியில் நின்றால் கடைக்கு ஷட்டர்தான். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது: கறுப்புத் திரையின் கடைசி நாலு வரி, "எக்ஸிட் கோட் 1" (வேலை தோற்றது என்று மட்டும் சொல்லும் எண்) என்று முடிகிறது. கூடவே, "அண்ணா, சர்வர் ரொம்பப் பழசு, ரேம் பத்தல." 2 ஜிபியை 4 ஜிபி ஆக்கினோம். மாத வாடகை ஏறியது. எரர் அப்படியே இருந்தது.

ரேம் பத்தவில்லை என்றால் அது தெரிகிற விதமே வேறு என்பது இப்போது எனக்குத் தெரியும். சர்வரை இயக்கும் லினக்ஸே அந்த வேலையைப் பாதியில் வெட்டிவிடும். "கில்டு" என்று ஒற்றைச் சொல் வரும், அல்லது எக்ஸிட் கோட் 137 வரும். இல்லாவிட்டால் "ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி" என்று, எங்கள் ஆப்பை ஓட்டும் நோட் (Node) என்ற மென்பொருளே வாய்விட்டுச் சொல்லும். இதில் எதுவும் எங்கள் லாக்கில் (log, நடந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு) இல்லை.

அடுத்து "டீப் க்ளீனிங்" செய்வதாகச் சொன்னார்கள். சைட் திறந்தது. ஆனால் மொபைலில் டெலிவரி தேதி எடுக்கும் காலண்டர் திறக்கவில்லை, கஸ்டமர் லாகினும் வேலை செய்யவில்லை. கேட்டால், ஆயுத பூஜை லீவு, ஆள் இல்லை. லீவு முடிந்து வந்ததும் மூன்றாவது கதை: "நோட் 18க்கு சப்போர்ட்டே முடிஞ்சுபோச்சுண்ணா. கோட் எல்லாமே பழசு. மொத்தமா திருப்பி எழுதணும். 1,80,000 ஆகும், பாதி அட்வான்ஸ்."

என் மச்சினியின் மகள் ஒயிட்ஃபீல்டில் டெவலப்பர். ஸ்கிரீன்ஷாட்டை அவளுக்கு அனுப்பினேன். உடனே போன். "பெரியப்பா, இது சாகும்போது போடுற சத்தம். எதுனால செத்துச்சுன்னு மேலே இருக்கும். முதல் எரர் வரைக்கும் முழு லாக்கைக் கேளுங்க."

கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுண்ணா" என்று பதில். நல்ல வேளை, கிட்ஹப் ரெப்போ (கோடும் அதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் சேமித்திருக்கும் இடம்) கடையின் பெயரில் இருந்தது. அந்தப் பழைய பையன் அப்படித்தான் அமைத்துக் கொடுத்திருந்தான். ஆப்பை சர்வரில் ஏற்றும்போது எழுதப்படும் டிப்ளாய்மென்ட் லாக்கும் அதிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, தட்டையைக் கொறித்துக்கொண்டே திறந்து காட்டினாள். முதல் சிவப்பு வரியே விஷயத்தைச் சொல்லிவிட்டது: பேக்கேஜ் ஜேசனும் பேக்கேஜ்-லாக் ஜேசனும் ஒத்துப்போனால்தான் "என்பிஎம் சிஐ" இன்ஸ்டால் செய்யும், இன்ன பேக்கேஜ் லாக் ஃபைலில் இல்லை. ரேம் பற்றியோ நோட் 18 பற்றியோ ஒரு சொல் கிடையாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. பேக்கேஜ் என்பது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்தக் கோட். அதை இறக்கித் தரும் கருவி என்பிஎம். பேக்கேஜ் ஜேசனில் "இந்தப் பேக்கேஜ், ஏறக்குறைய இந்த வெர்ஷன்" என்று இருக்கும். வெர்ஷனுக்கு முன்னால் கேரட் குறி (^) இருந்தால், அதே பெரிய எண்ணுக்குள் அதற்கப்புறம் வந்த எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பேக்கேஜ்-லாக் ஜேசன் என்ற லாக் ஃபைல் (lock, பூட்டு; மேலே சொன்ன பதிவு லாக் வேறு) அப்படி இல்லை. கடலை மாவு ஒரு கிலோ என்று எழுதுவதற்கும், எந்த மில்லில் எந்தத் தேதியில் அரைத்தது என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம். என்பிஎம் 5 வந்த 2017 முதல் இந்த ஃபைல் தானாகவே உருவாகிறது. "என்பிஎம் சிஐ" அதில் உள்ளதை மட்டுமே, அப்படியே எடுக்கும். இரண்டும் முரண்பட்டால் நின்றுவிடும். நிற்பதுதான் அதன் வேலை.

சரி, ஏன் முரண்பட்டது? ரெப்போவின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் அதுவும் இருந்தது. கூப்பனுக்கு வேண்டிய பேக்கேஜை அந்த நிறுவனத்தின் ஆள், என்பிஎம்முக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் யார்னை வைத்துச் சேர்த்திருக்கிறார். யார்ன் பேக்கேஜ் ஜேசனையும் தன்னுடைய யார்ன் லாக் ஃபைலையும் மாற்றும்; என்பிஎம்மின் லாக் ஃபைலைத் தொடாது. ஆக ரெப்போவில் இரண்டு லாக் ஃபைல், இரண்டும் இரண்டு கதை. அந்த மாற்றத்தின் பதிவான கமிட்டில் அவர்களுடைய நிறுவன ஈமெயிலே இருக்கிறது. தாங்களே உடைத்ததைக் காட்டி எங்களிடம் ரேம் விற்றிருக்கிறார்கள்.

அந்த "டீப் க்ளீனிங்" இன்னும் மோசம். லாக் ஃபைலையே அழித்துவிட்டு, "ஃபோர்ஸ்", "லெகசி பியர் டெப்ஸ்" என்ற இரண்டு ஆப்ஷன்களையும் போட்டு இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள். ஒரு பேக்கேஜ் இன்னொன்றோடு ஒத்துப்போகாதபோது வருகிற எச்சரிக்கையின் வாயை அடைக்கும் வழி அது. என்பிஎம் 7க்குப் பிறகு "இரிசால்வ்" என்று ஒரு எரர் அடிக்கடி வரும். தெரிந்தவர்கள் எது யாரோடு மோதுகிறது என்று பார்ப்பார்கள், மற்றவர்கள் ஃபோர்ஸ் போடுவார்கள். காலண்டர் பேக்கேஜ் அப்படித்தான் புது வெர்ஷனுக்குத் தாவி உடைந்திருக்கிறது. லாகின் கதை தனி. யாரோ தன் விண்டோஸ் லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்து, இறங்கிய பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை ஜிப் போட்டு லினக்ஸ் சர்வரில் கொண்டுபோய் விரித்திருக்கிறார். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பீகிரிப்ட் போன்ற பேக்கேஜ்களில் அந்தந்த மெஷினுக்கென்று கம்பைல் ஆன பகுதி உண்டு. விண்டோஸ் பகுதி லினக்ஸில் ஓடாது. சர்வர் லாக்கில் "இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெட்டர்" என்று அச்சடித்தாற்போல இருந்தது.

அவள் முகம் மாறியது வேறு ஒன்றுக்கு. லாக் ஃபைலை அழித்தது எந்த மாதம்? அதே செப்டம்பர் 8ஆம் தேதிதான் சாக், டீபக் உள்ளிட்ட, உலகமே பயன்படுத்துகிற பேக்கேஜ்களில் யாரோ திருட்டுக் கோடை நுழைத்து என்பிஎம்மில் ஏற்றினார்கள். பராமரிப்பவரைப் போலி ஈமெயிலால் ஏமாற்றி, கிரிப்டோ பணப் பரிமாற்றத்தைத் திசைதிருப்பும் கோட். சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அடுத்த வாரமே தானாகப் பரவும் இன்னொன்று வந்து நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களைத் தொற்றியது. அந்த நாட்களில் லாக் ஃபைல் இல்லாமல் "புதுசு எதுவோ அதைக் கொடு" என்று இன்ஸ்டால் செய்வது எப்படிப்பட்ட விளையாட்டு என்று யோசியுங்கள். எங்களிடம் அந்த வெர்ஷன்கள் இல்லை என்று வரிவரியாகப் பார்த்து உறுதி செய்துவிட்டுத்தான் அவள் அடுத்த வேலைக்குப் போனாள்.

சரிசெய்தது பெரிய வேலை இல்லை. கிட்டிலிருந்து கூப்பனுக்கு முந்தைய லாக் ஃபைலை மீட்டாள். யார்ன் லாக் ஃபைலை நீக்கினாள். அதே பேக்கேஜை என்பிஎம் வழியாகச் சேர்த்து, சர்வரில் நோட் மாட்யூல்ஸை அழித்து அங்கேயே "என்பிஎம் சிஐ" ஓட்டினாள். முதலில் "வீட் நாட் ஃபவுண்ட்" (சைட்டைக் கட்டித் தரும் வீட் என்ற கருவி கிடைக்கவில்லை) என்று பில்ட் நின்றது. இன்ஸ்டால் செய்யும்போதே நோட் என்விரான்மென்டைப் புரொடக்‌ஷன் என்று வைத்திருந்தார்கள், அப்படி வைத்தால் பில்டுக்கு வேண்டிய டெவ் பேக்கேஜ்கள் இறங்காது. அதையும் மாற்றினாள். இருட்டுவதற்குள் லாகின், காலண்டர், கூப்பன் எல்லாம் ஓடின.

நோட் 18 விஷயத்தில் அவர்கள் சொன்னது பாதி உண்மை. 2025 ஏப்ரலோடு அதற்கு ஆதரவு முடிந்தது, மாற்றத்தான் வேண்டும். சீசன் முடிந்து 22க்கு மாறினோம். சில பேக்கேஜ்களை உயர்த்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். திருப்பி எழுதச் சொன்ன கோடில் ஒரு பக்கத்தைக்கூட யாரும் திருப்பி எழுதவில்லை.

ஏஎம்சிக்கு வெளியே அவர்கள் அனுப்பிய பில்லைப் பாருங்கள்: "சர்வர் மைக்ரேஷன்" 15,000, "டிபென்டென்சி ஆப்டிமைசேஷன்" 12,000. முதலாவது, ஹோஸ்டிங் பக்கத்தில் பெரிய பிளானைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாவது, லாக் ஃபைலை அழித்தது.

சப்போர்ட் எடுப்பவர்கள் ரெப்போ, ஹோஸ்டிங், டொமைன் மூன்றையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லாக்கை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காதீர்கள், டெக்ஸ்டாக முழுவதும் வாங்குங்கள். வேலை செய்த நாளில் லாக் ஃபைல் மாறியிருக்கிறதா என்று கிட்டில் பாருங்கள். மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். விலகும்போது அவர்களுடைய அக்சஸை எடுப்பதோடு என்பிஎம்மின் அமைப்புகள் இருக்கும் என்பிஎம்ஆர்சி ஃபைலையும் திறந்து பாருங்கள். எங்களுடையதில் அவர்கள் டோக்கன் (உள்ளே நுழையும் ரகசியச் சாவி) ஒன்று அப்படியே கிடந்தது, அதுவும் கமிட் ஆகி.

27,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு, கமிட் விவரங்களோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். மேனேஜர் இப்போது "சார்" என்று கூப்பிடுகிறார். பணம் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.