கதை சொல்லி வாழ்க்கையை மாற்றும் முகாமா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

48,500 ரூபாய். புராண, இதிகாசக் கதைகளின் வழியே மனதை ஆற்றி வாழ்க்கையை மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு தங்கல் முகாம் என்னிடமிருந்து வாங்கிய தொகை இது. கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து ஆறு நாள் நடத்துகிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. ஆனால் அடுத்த முகாமுக்கு அவர்கள் ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டதை நேற்று இரவு பார்த்தேன். அந்த விளம்பர வீடியோவில் என் குரல் ஒலிக்கிறது. பார்த்ததிலிருந்து உடம்பு கொதிக்கிறது. அதனால்தான் ஆறப்போடாமல் இன்றே எழுதுகிறேன். இவர்களிடமிருந்து தப்பிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். இது இல்லாமல் இவர்கள் செய்தது எவ்வளவு கொடுமை என்பது புரியாது.

என் அண்ணன் போன ஆண்டு சாலை விபத்தில் இறந்துவிட்டார். எங்கள் ஊர் செய்யாற்றுப் பக்கம். எங்கள் பகுதியில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம். அண்ணனுக்கும் வைத்தோம். மார்பில் அம்பு தைத்துக் கர்ணன் கிடக்கும்போது, கண்ணன் கிழப் பிராமணனாக வந்து, அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்பானே, அதையும் அவன் தன் இரத்தத்தாலேயே தாரை வார்த்துக் கொடுப்பானே, அந்த இடத்தில் ஊரே அழுதது. என் அம்மா அழுதார். அண்ணி மயங்கி விழுந்தார். நான் மட்டும் பந்தியையும் வந்தவர்களுக்குப் படுக்க இடத்தையும் கவனித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் முகவீணைச் சத்தம் நின்றபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. தூக்கம் போயிற்று. யார் பேசினாலும் எரிச்சல் வந்தது.

இந்த நிலையில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒருவருக்கு ஓர் அறை. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஆறு நாளும் உடன் தங்கியிருப்பார். கடைசி இரவு, வட மாவட்டத்திலிருந்து வரும் ஜமா, அதாவது கூத்துக் குழு, விடிய விடியக் கர்ண மோட்சம் ஆடும். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் தொலைபேசியை எடுத்தேன்.

பேசியவர் முகாமை நடத்தும் பெண்மணி. அவ்வளவு பொறுமையாக அண்மைக் காலத்தில் என்னிடம் யாரும் பேசியதில்லை. "அக்கா, உங்கள் அண்ணன் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டார். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டு, "கருமாதி அன்று நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தீர்கள். இந்த முறை நீங்கள் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். பாயில் உட்கார்ந்து கூத்துப் பாருங்கள். அழுகை வரும். நாங்கள் பக்கத்தில் இருப்போம், அக்கா" என்றார்.

நான் நம்பியது அந்தச் சொல்லை. யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

அதே அழைப்பில், இரண்டு இடங்கள்தான் மீதி என்றும் மாலைக்குள் முன்பணம் வந்தால் ஓர் இடத்தை ஒதுக்குவதாகவும் சொன்னார். 20,000 அனுப்பினேன். மறுவாரம் 28,500. இரண்டும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் போயின. ரசீது கேட்டதற்கு, முகாமில் கையில் தருகிறோம் என்றார்கள்.

வசதிக் குறைவுகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து அழைத்துப் போக வந்த வேனுக்கு இ-பாஸ் எடுத்திருக்கவில்லை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு அது கட்டாயம் என்பது மலையேறும் எல்லோருக்கும் தெரியும். சோதனைச் சாவடியில் பாதி நாள் போயிற்று. தனி அறை என்றார்கள். நான்கு பெண்களை ஓர் அறையில் போட்டார்கள். பதினைந்து பேர் என்றார்கள். முப்பதுக்கு மேல் இருந்தோம். வெந்நீர் காலையில் சிறிது நேரம். இவற்றுக்காக மட்டுமென்றால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

போனதும் கைபேசிகளை ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டார்கள். வனவாசத்தில் கைபேசி இல்லை என்றார்கள். பிறகு ஒரு காகிதம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். பயணக் களைப்பில், வெளிச்சம் குறைந்த கூடத்தில், பொடி எழுத்தில் அச்சிட்ட இரண்டு பக்கம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் காகிதத்தின் நகலை இன்றுவரை எனக்குத் தரவில்லை.

பயிற்சி என்று அவர்கள் நடத்தியது இதுதான். அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் எழுதிய நூலில், உலகத் தொன்மங்கள் பலவற்றில் நாயகனின் பயணம் ஒரே தடத்தில் போவதாகச் சொன்னார். வீட்டை விட்டுப் புறப்படுதல், சோதனைகளைக் கடத்தல், பெற்றதோடு திரும்பி வருதல். இந்த மூன்றையும் அவர் பதினேழு படிகளாகப் பிரித்தார். அந்தப் படிகளை ஒரு பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, "உங்கள் வாழ்க்கையில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கர்ணனையும் அதே தாளில் பொருத்தினார்கள். கர்ணன் எங்கே திரும்பி வந்தான்? அவன் போர்க்களத்திலேயே சாகிறான். பிறந்த அன்றே ஆற்றில் விட்ட தாய், அவன் செத்த பிறகுதான் ஊரறிய மகனே என்று மடியில் எடுத்துப் போட்டு அழுகிறாள். பிழைத்துக் கிடக்கிறவர்கள் அழுது தீர்ப்பதற்காகத்தான் எங்கள் பக்கம் அந்தக் கூத்தையே வைக்கிறோம். இதை நான் சொன்னபோது பயிற்சி நடத்தியவர் புன்னகைத்து, "நீங்கள் அழைப்பை மறுக்கும் படியில் நிற்கிறீர்கள்" என்றார்.

அந்த ஒரு வரியை வைத்தே அவர்கள் எல்லோர் வாயையும் அடைத்தார்கள். அழைப்பை மறுத்தல் கேம்பல் சொன்ன படிகளில் ஒன்று. அறை ஏன் இப்படி என்று கேட்டால் அழைப்பை மறுக்கிறீர்கள். ஆலோசகர் எங்கே என்று கேட்டால் அழைப்பை மறுக்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு முறை பேச வேண்டும் என்று கெஞ்சிய ஓர் அம்மாவுக்கும் அதே பதில். கேள்வி கேட்பவரை நோயாளியாக்கிவிட்டால் பிறகு யார் கேள்வி கேட்பார்கள்?

ஆலோசகர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட இளைஞர் உளவியல் படித்தவர் அல்லர். இதே குழு நடத்தும் இணையவழிப் பயிற்சியை முடித்தவர் என்பதை அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அதன் விளைவை ஓர் இரவு கண்ணால் பார்த்தேன். குழந்தைப் பருவத்தில் தனக்கு நடந்ததை அன்று மாலை எல்லோர் முன்னும் சொல்ல வைக்கப்பட்ட ஒரு தம்பி, நள்ளிரவில் கூடத்தில் உட்கார்ந்து உடல் நடுங்க மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். ஆலோசகரை எழுப்பினோம். "அழட்டும், இது அவருடைய படுகளம். நடுவில் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பாரதக் கூத்தின் முடிவில் நடக்கும் படுகளம் பார்த்தவள் நான். களிமண்ணில் செய்த துரியோதனன் கிடக்கும் களத்தில் ஊர் மொத்தமும் சுற்றி நிற்கும். சாமி வந்தவரைத் தாங்கிப் பிடிக்க நாலு கை இருக்கும். ஒருவரையும் தனியாக விடமாட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை இருட்டில் தனியாக விட்டார்கள். அறையில் இருந்த ஒரு செவிலியர் அக்காதான் அவனை விடியும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் பணம் கட்டி வந்தவர்.

கடைசி இரவு வந்தது. ஜமா வரவில்லை.

சுவரில் வெள்ளைத் துணி கட்டி, இணையத்தில் கிடைக்கும் ஒரு கூத்து வீடியோவைப் போட்டார்கள். இணைப்பு விட்டு விட்டு வந்தது. கர்ணன் கட்டை என்னும் மர அணிகளைக் கட்டித் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிற இடத்திலேயே படம் உறைந்தது. கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டு, மீதிக் கதையைப் பயிற்சி நடத்தியவரே தம் கைபேசியைப் பார்த்து வாசித்தார். அதற்குள் பாதிப் பேர் தூங்கப் போய்விட்டார்கள். நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருப்போம் என்று சொன்ன பெண்மணி அன்று முகாமிலேயே இல்லை.

ஊர் திரும்பிய பிறகு, எங்கள் பகுதி ஜமா வாத்தியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அந்த முகாமிலிருந்து தம்மையும் அழைத்ததாகச் சொன்னார். பதினைந்து பேர் கொண்ட குழுவை ஒரு மணி நேரம் ஆடச் சொல்லி, பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் மட்டும் தருவதாகப் பேசியிருக்கிறார்கள். மற்றதற்கு, பெரிய இடத்து மனிதர்கள் பார்ப்பார்கள், விளம்பரம் கிடைக்கும் என்றார்களாம். அவர் மறுத்துவிட்டார். ஆடி முடிந்தால் கூலி வேலைக்குப் போகிற கலைஞர்கள் அவர்கள். ஆளுக்கு 48,500 வாங்குகிறவர்கள், யாருடைய கலையைக் காட்டி அதை வாங்குகிறார்களோ அவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க மனமில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முழுவதையும்கூடக் கேட்கவில்லை; சொன்னதில் செய்யாதவற்றுக்கு உரியதைக் கொடுங்கள் என்றேன். முதலில் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் வந்தது. பிறகு கணக்குப் பிரிவிடம் பேசச் சொன்னார்கள். கணக்குப் பிரிவு என்று எடுத்தவர், ஒருங்கிணைப்பாளர் பயணத்தில் இருப்பதாகச் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் கிடைத்தபோது, நான் கட்டியது கட்டணமே அல்ல, நன்கொடை என்றார். விளம்பரத்தில் கட்டணம் என்றுதானே போட்டிருந்தீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. கடைசியாக அந்தப் பெண்மணியே அழைத்தார். "மேடம், பணத்தின் மீதுள்ள பற்றுதான் உங்கள் கர்ணன் இன்னும் விடாமல் பிடித்திருக்கும் கவசம். அதை அறுத்துக் கொடுங்கள்" என்றார். பணம் கட்டும்வரை அக்கா, கட்டிய பிறகு மேடம். அண்ணன் என்னைக் கூப்பிட்ட பெயர் அவருக்கு மறந்தே போயிருந்தது. அன்றோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்த வீடியோ. கூடத்தின் மூலையில் இருந்த கேமரா "எங்கள் பதிவுக்காக மட்டும்" என்று சொன்னார்கள். என் அண்ணனைப் பற்றி அந்த வட்டத்தில் நான் சொன்ன இரண்டு வாக்கியங்களை வெட்டி எடுத்து, சோக இசை சேர்த்து, "பதிவு தொடங்கிவிட்டது" என்ற எழுத்துக்கு அடியில் ஓட விட்டிருக்கிறார்கள். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். குரல் என் குரல். என் அம்மா கேட்டால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் அனுமதி இருக்கிறது என்று ஒரு வரிப் பதில். நகல் கொடுக்காத அதே படிவம்.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது அதற்கான பொறுமை இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரசீது கையில் வராமல் மீதித் தொகையைக் கட்டாதீர்கள். ஆலோசகர் என்றால் என்ன படிப்பு, எங்கே பதிவு என்று எழுத்தில் கேளுங்கள். கலைஞர்கள் வருகிறார்கள் என்றால் எந்த ஜமா என்று கேட்டு அந்த வாத்தியாரிடமே பேசுங்கள். போன பிறகு நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புறப்படுவதற்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். கைபேசியைக் கொடுக்காதீர்கள். இதுபோன்ற இடத்தில் யாராவது உடைந்துபோனால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. பணம் போனவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முகாம் எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

என் மனு தயாராகிவிட்டது. 48,500 ரூபாயையும் கேட்கிறேன், அந்த வீடியோவை நீக்கவும் கேட்கிறேன். என்னோடு அந்தப் பண்ணை வீட்டில் இருந்தவர்கள் இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சாட்சிக் கையெழுத்து தேவைப்படுகிறது. முக்கியமாக அந்தத் தம்பி எப்படி இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பழைய விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். தனி அறை, ஆலோசகர், ஜமா என்ற மூன்று வரிகளையும் அவர்கள் பக்கத்திலிருந்து இன்று காலை எடுத்துவிட்டார்கள்.