ஸ்குவூஷ்: படத்தைச் சுருக்க நான் நம்பும் கருவி

போன மாதம் தங்கை கல்யாணப் படம் ஒன்றை 4×6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன், வந்ததைப் பார்த்தால் அம்மாவின் பட்டுப்புடவைச் சரிகை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. காரணம் நான் கொடுத்த படம் 640 பிக்சல் அகலம்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் அந்த அளவுக்கு 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். அப்புறம்தான் ஒரிஜினலைத் தேடி எடுத்து, அந்த அளவுக்குச் சுருக்க ஸ்குவூஷில் போட்டேன்.

கூகுள் குரோம் லேப்ஸ் 2018இல் வெளியிட்ட இலவசக் கருவி இது, பிரவுசரிலேயே ஓடும், படம் நம் கணினியை விட்டு எங்கேயும் போகாது, குடும்பப் படங்களுக்கு எனக்கு அதுவே பெரிய நிம்மதி. நடுவில் ஒரு கோடு இருக்கும், அதை இழுத்தால் ஒரு பக்கம் ஒரிஜினல், மறுபக்கம் சுருக்கியது. நான் அந்தக் கோட்டைச் சரிகை மேலேயே நிறுத்திப் பார்த்துத்தான் தரத்தைக் குறைப்பேன். இன்ஸ்டாகிராமுக்கு 1080 அகலம், மோஸ்ஜேபெக் (MozJPEG, ஜேபெக் படத்தைச் சுருக்கும் முறை) தரம் 75 வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சொந்த வலைத்தளம் என்றால் வெப்பி (WebP, இணையத்துக்கான பட வடிவம்), ஃபைல் இன்னும் சிறிதாகும்.

குறையும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு படம்தான், ஆல்பம் முழுக்க 200 படம் என்றால் கை வலித்துவிடும், அதற்குப் பல படங்களை ஒரேயடியாக மாற்றும் இர்ஃபான்வியூ (IrfanView) என்ற விண்டோஸ் மென்பொருள் பக்கம் போங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக்கவும் இதை நம்பாதீர்கள், பிக்சல் கூடும், சரிகை திரும்பி வராது.