மைண்ட்வேவ் மொபைல் 2: கண்சிமிட்டலுக்கு வாங்கலாம், கவனத்துக்கு வேண்டாம்

மூளை அலையால் கேம் ஆடலாம் என்று விற்கப்படும் தலைப்பட்டிகளில் நியூரோஸ்கை நிறுவனத்தின் இந்தக் கருவி விலை குறைந்த ரகம். நெற்றியில், இடது கண்ணுக்கு மேலே ஓர் உலர் மின்முனை. இடது காது மடலில் ஒரு கிளிப். ஒரு டிரிபிள் ஏ பற்றரி. அவ்வளவுதான். 2024இல், நியூராலிங்க் சிப் பதித்த முதல் மனிதரான நோலண்ட் ஆர்பா நினைப்பாலேயே கொம்பியூட்டரில் செஸ் ஆடியதைப் பார்த்துவிட்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான். அவருக்கு மூளைக்குள்ளேயே 1,024 மின்முனைகள் பதிக்கப்பட்டிருந்தன.

விளம்பரம் தூக்கிப் பிடிப்பது 'கவனம்' என்ற அளவை. 0 முதல் 100 வரை போகும் இந்த எண் வினாடிக்கு ஒரு தடவைதான் மாறும். எதையாவது தாண்டிக் குதிக்க வேண்டிய கேமில் இது உதவாது. எண் ஏறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

பயன் தருவது கண்சிமிட்டல். நெற்றி மின்முனையில் சிமிட்டலின் மின்துடிப்பு மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும், அதனால் பிடிப்பது சுலபம். மூளையை வாசிக்கிறோம் என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் கை அசையாத ஒருவருக்கு, கையே தேவைப்படாத ஒரு பட்டன் கிடைக்கிறது.

விண்டோஸ் லப்டொப்பில் புளூடூத் மூலம் இணைத்து, பட்டியின் தரவை மற்ற நிரல்களுக்குக் கொடுக்கும் திங்கியர் கனெக்டர் மென்பொருளை ஓடவிடுங்கள். அது 13854ஆம் போர்ட்டில் (நிரல்கள் தரவு வாங்கும் வாசல் எண்) ஜேசன் என்ற எழுத்து வடிவில் தரவைத் தரும். சிமிட்டலின் வலிமை 1 முதல் 255 வரையான எண்ணாக வரும். சிறிய பைதான் நிரல் ஒன்று அதைப் படித்து ஸ்பேஸ் பாரை அழுத்தினால் போதும். எந்த எண்ணுக்கு மேல் அழுத்துவது என்பதை ஆளுக்கு ஆள் அளக்க வேண்டும்: 20 தடவை இயல்பாகவும் 20 தடவை இறுக்கியும் சிமிட்டச் சொல்லி, இரண்டு கூட்டத்துக்கும் இடைப்பட்ட எண்ணை வையுங்கள். இமை நிமிடத்துக்கு 15, 20 தடவை தானாகவே மூடித் திறக்கும். எல்லையைத் தாழ்த்தி வைத்தால் பாத்திரம் சும்மா சும்மா குதிக்கும். கூட்டி வைத்தால் கண் களைத்துவிடும். அரை வினாடிக்குள் இரண்டு சிமிட்டல் என்ற விதி தவறுகளைக் குறைத்தாலும் தாமதத்தைக் கூட்டும். முறை வைத்து ஆடும் கேம்களுக்கு அது சரி. குரோம் பிரவுசரில் உள்ள, ஓடிக்கொண்டே தாண்டிக் குதிக்கும் டைனோசர் கேமுக்கு ஒற்றைச் சிமிட்டல்தான். இணையம் இல்லாமலே ஓடுவதால், சிக்னல் எட்டாத தோட்டங்களில் பழக அதுவே முதல் கேமாக இருக்கட்டும்.

சிக்கல் பெரும்பாலும் தோலில்தான். தொடர்பின் தரத்தைக் காட்டும் எண் 0 என்றால் நல்லது, 200 என்றால் மின்முனை தோலைத் தொடவே இல்லை. திருநீறு, சந்தனம், தலையிலிருந்து வழிந்த தேங்காய் எண்ணெய் எல்லாம் தடை. ஈரத்துணியால் நெற்றியையும் காது மடலையும் துடையுங்கள். தோட்டைக் கழற்றிவிட்டுக் கிளிப்பை மாட்டுங்கள். நுவரெலியாவின் தைமாதக் குளிரில் வறண்ட தோலும் உதறும் உடம்பும் சேர்ந்து சிக்னலைக் குழப்பும். அறையைச் சூடாக்கிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. கம்பளித் தொப்பியைப் பட்டிக்கு மேல் இழுத்துவிட்டால் மின்முனை நகர்ந்துவிடும்.

அடுத்தது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். எர்த் ஒழுங்காக இல்லாத பழைய லயன் வீடுகளில் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆடுவதே வழி. கரண்ட் போன நேரத்தில்தான் சிக்னல் ஆகத் துப்புரவாக வரும், சிரிக்க வேண்டியதுதான்.

யாருக்கு வாங்கலாம்? கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல், இமையை மட்டும் நன்றாக இறுக்க முடிந்தவருக்கு. முகவாதம் உள்ளவருக்குச் சரிவராது. விரலோ கால் பெருவிரலோ கொஞ்சம் அசைந்தால்கூட இந்தப் பணத்தை இதில் போடாதீர்கள். உடல் அசைவு குறைந்தவர்கள் கேம் ஆட 2018இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் 3.5 மில்லிமீற்றர் ஜாக் வரிசை இருக்கிறது. அதில் செருகும் ஒரு அழுத்து சுவிட்ச், இந்தப் பட்டியைவிட வேகமாகவும் பிழையில்லாமலும் வேலை செய்யும்.