பி துண்டா, ஆல்டோ குழலா?

மேற்கத்திய உலோகப் புல்லாங்குழல் பொதுவாக நடு சி (C) என்ற சுரம் வரைதான் இறங்கும். சுமார் 262 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே போக ஆசைப்படுபவருக்கு இரண்டு வழிகள்.

கடைசித் துண்டைக் கழற்றிவிட்டு, பி (B) சுரம் வரை இறங்கும் நீளமான பி துண்டை மாட்டலாம். கிடைப்பது ஒரே ஓர் அரைச்சுரம், 247 ஹெர்ட்ஸ். (எல்லாத் துண்டும் எல்லாக் குழலுக்கும் பொருந்திவிடாது.) நுனி கனக்கும். அந்த பி-க்குத் துளைகளின் எல்லா மூடிகளும் அடைந்திருக்க வேண்டும். வலக்கைச் சுண்டுவிரல், சாவியிலுள்ள சிறு உருளைமேல் சறுக்கிப்போய் அழுத்தும் நேரத்தில் எங்காவது ஒரு மூடி துளி கசிந்தாலும் சுரத்துக்குப் பதில் வெறும் காற்றுதான் வரும்.

இரண்டாவது வழி, ஆல்டோ என்ற பெரிய புல்லாங்குழல். அது 196 ஹெர்ட்ஸ் ஜி (G) வரை, அதாவது சி-யிலிருந்து ஐந்து அரைச்சுரங்கள் இறங்குகிறது. விரலமைப்பு பழையதே; இசை ஏட்டில் எழுதிய சி, ஜி-யாக ஒலிக்கும். குழாய் அகலம் என்பதால் மூச்சை வாரிக் குடிக்கும், வேகமான ஓட்டங்களில் சற்றே பின்தங்கும். பெரிய வாத்தியக் கூட்டத்தில் அமுங்கியும் போகும். ஆனால் மைக்கருகே அந்தக் கீழ்ச்சுரங்களின் கனிவு, பி துண்டுக்கு எட்டாதது.

ஏட்டில் பி எழுதியிருந்தால் துண்டு வாங்குங்கள். ஆழமான ஒலிதான் வேண்டுமென்றால், ஓர் அரைச்சுரத்துக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள்.