தண்ணீரா, சோப்பா, இன்டிமேட் வாஷா?

மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் அடுக்குக்குப் பக்கத்திலேயே இப்போது இன்டிமேட் வாஷ், அதாவது பெண்ணுறுப்பைக் கழுவ என்று விற்கும் திரவ பாட்டில்கள் வரிசைகட்டி நிற்கின்றன. லேபிளில் பெரும்பாலும் 'பிஎச் 3.5, தினசரி உபயோகத்துக்கு' என்று இருக்கும் (பிஎச் என்பது புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம், ஏற ஏறக் காரம் அதிகம்). இதை வாங்குவதா, குளிக்கிற சோப்பே போதுமா, வெறும் தண்ணீரே போதுமா? என் ஓட்டு தண்ணீருக்கு. ஆனால் முதலில் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் கூடாது.

யோனி என்பது உள்ளே போகும் பாதை. வெளியே தெரியும் இதழ்களும் மடிப்புகளும் வேறு. உள்ளே லாக்டோபேசிலஸ் வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-லேயே இவற்றை விவரித்துவிட்டார். அங்குள்ள செல்கள் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரையை இவை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அதனால் மாதவிடாய் வருகிற வயதில் உள்ளே பிஎச் பொதுவாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும். பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. ஆக, உள்ளே நாம் கழுவ எதுவுமே இல்லை. வியர்வை, சிறுநீர்த் துளி, மடிப்புகளில் மாவு போலப் படியும் வெள்ளை அழுக்கு எல்லாம் வெளிப்பக்கத்துச் சமாச்சாரம்.

இவற்றுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர் போதும். விரல்களால் இதழ்களை மெல்ல விலக்கிக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. மாதவிடாய் நாட்களில் இன்னொரு முறை கழுவிக்கொள்ளலாம். நார், ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம்.

குளியல் சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும். கையும் காலும் தாங்கிவிடும். இதழ்களின் தோல் அவ்வளவு தடிமன் இல்லை. எண்ணெய்ப்பசை போய் வறண்டு, அரிக்கத் தொடங்கும். அரித்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்போம், அது இன்னும் அரிக்கும். சிலர் உறையில் டிஎஃப்எம் 76% என்று பார்த்து 'நல்ல சோப்பு' என்கிறார்கள். அது கொழுப்புச் சத்தின் அளவு, அவ்வளவுதான். காரத்தன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இனி இன்டிமேட் வாஷ். சோப்போடு ஒப்பிட்டால் இது மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டில் பெருமையாகச் சொல்லும் அந்த 3.5 யோனியின் புளிப்பை ஒட்டிய கணக்கு. நாம் ஊற்றுவதோ வெளியே. உள்ளே இருக்கும் புளிப்பை உடம்பே பார்த்துக்கொள்கிறது, வெளித்தோலுக்கு அவ்வளவு புளிப்பு தேவையும் இல்லை. பிறகு காசு எதற்கு? பெரும்பாலும் வாசனைக்கும் நுரைக்கும்தான். பின்பக்க லேபிளில் வாசனைத் திரவியமோ டீ ட்ரீ எண்ணெயோ இருந்தால் சென்சிடிவ் தோல்காரர்கள் வைத்துவிட்டு வரலாம், சிலருக்கு இரண்டுமே அலர்ஜி தரும். வேர்க்க விறுவிறுக்க வேலை செய்கிறவர்கள், தண்ணீர் மட்டும் போதவில்லை என்று நினைப்பவர்கள் வாசனையில்லாத ஒன்றைச் சில துளி எடுத்து, வெளியே மட்டும் தடவி, நன்றாக அலசிவிடட்டும். 2012-ல் ஒரு இன்டிமேட் வாஷ் 'நிறம் கூடும்' என்றுகூட இந்தியத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. அந்த இடம் கருத்திருப்பது இயல்பு. கழுவி எடுக்க அது அழுக்கா என்ன?

நலங்கு மாவும் பயத்தமாவும் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் துகள்கள் மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டால் எடுப்பது பெரும்பாடு. 'இறுக்கம்' வரும் என்று படிகாரம் வைப்பது உள்தோலைப் புண்ணாக்கும் வேலை. தண்ணீரில் டெட்டால் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். வாசனை வைப்ஸ் (ஈரத் துடைப்புத் தாள்) பயணத்தில் ஒருமுறை சரி, தினமும் கூடாது. இவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தி தோல் அலர்ஜிக்குப் பேர்போனது.

உள்ளே பீய்ச்சிக் கழுவும் டூஷிங்குக்கு இந்தப் போட்டியில் இடமே கிடையாது. நல்ல பாக்டீரியாக்களை அது அடித்துக்கொண்டு போய்விடும். டூஷிங் செய்கிறவர்களிடம் பாக்டீரியல் வஜைனோசிஸ் (யோனியில் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து மற்றவை பெருகும் கோளாறு) அதிகம் காணப்படுகிறது. நம் வீடுகளில் யாரும் டூஷ் வாங்குவதில்லை, ஆனால் ஹெல்த் ஃபாசெட் இருக்கிறது. அதை முழு வேகத்தில் திறந்து உள்நோக்கிப் பிடித்தால் அதுவும் டூஷிங்தான். வேகத்தைக் குறைத்து, முன்னாலிருந்து பின்னால் தண்ணீர் போகும்படி பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் ஆசனவாய்க் கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்கு வந்துவிடலாம்.

மீன் வாடை, தயிர்த்திப்பி போல வெள்ளைப்படுதல், விடாத அரிப்பு, எரிச்சல் இருந்தால் எந்த வாஷையும் தேட வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். போகிற அன்று கூடுதலாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போக வேண்டியதில்லை. வெள்ளைப்படுதலின் நிறமும் வாடையும் அவருக்குத் தெரிய வேண்டிய தகவல்.

மாதவிடாய் நின்றவர்களுக்குக் கணக்கே வேறு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் லாக்டோபேசிலஸும் குறைந்து பிஎச் ஏறும், தோலும் மெலிந்து வறளும். சோப்பு இவர்களைத்தான் அதிகம் படுத்தும். இவர்களுக்குச் சோப்புக்குப் பதிலாக வாசனையில்லாத எமோலியன்ட் (தோலின் வறட்சியைப் போக்கி மென்மையாக்கும் பூச்சு) பொருத்தம். வறட்சி தொந்தரவு செய்தால் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தரக்கூடும்.