ஃபைனல் ஃபேன்டஸி: 10-ஆ, 12-ஆ?

ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையில் ஒன்றையாவது முழுசாக விளையாட வேண்டும், எதை எடுக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இரண்டு எண்கள்தான். 2001-இல் வந்த 10, 2006-இல் வந்த 12. இரண்டும் பிளேஸ்டேஷன் 2 காலத்தவை. மெருகேற்றிய பதிப்புகள் இப்போது ஸ்விட்ச், கணினி, பிளேஸ்டேஷன் 4 எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. இரண்டையும் முடித்திருக்கிறேன். ஆனால் மறுபடி மறுபடி போவது 12-க்குத்தான்.

கதை என்று பார்த்தால் 10-க்கே ஓட்டு. நாயகி யூனாவின் யாத்திரை எங்கே போய் முடியும் என்பது நாயகன் டீடஸுக்குத் தெரியவரும் இடம் ஒன்று போதும். 12-இன் கதை அரசியல்: பேரரசு விழுங்கிய டல்மாஸ்கா என்ற சின்ன நாடு, அதை மீட்கப் போராடும் இளவரசி ஆஷ். தொடக்கம் பிரமாதம், பின்பாதி மெலிந்துவிடுகிறது. உருவாக்கத்தின் நடுவிலேயே அதன் இயக்குநர் யசுமி மட்சுனோ விலகியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறு விஷயம். பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டைகள் எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றுக்கு நடுவே வழியெங்கும் வரும் நூற்றுக்கணக்கான சில்லறைச் சண்டைகளை கேம் என்ன செய்கிறது?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1987-இல் முதல் கேம் வந்தபோது எல்லாமே முறை வைத்து அடிப்பதுதான். 1991-இல் நான்காவது கேமுக்காக வடிவமைப்பாளர் ஹிரோயுகி இடோ அதற்குள் ஒரு கடிகாரத்தை வைத்தார். ஒவ்வொருவருக்கும் நேரம் நிரம்பும், நிரம்பியவர் அடிக்கலாம். நீங்கள் மெனுவில் மந்திரம் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடுவான். ஒன்பதாவது கேம் வரை இதுதான் ஓடியது. பரபரப்பு உண்டு, ஆனால் யோசிப்பதற்கும் மெனுவைத் துழாவுவதற்கும் சேர்த்து ஒரே நேரம்தான். 10-உம் 12-உம் இதற்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பதில்களைச் சொன்னவை.

10 கடிகாரத்தையே நிறுத்திவிட்டது. அடுத்தடுத்து யார் முறை என்பது திரையின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். நீங்கள் எவ்வளவு நேரம் யோசித்தாலும் யாரும் அடிக்கப்போவதில்லை. சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றலாம். பறக்கும் எதிரிக்குக் குழுவில் உள்ள வாக்காவின் பந்து, ஓடு தடித்ததற்கு ஆரனின் வாள், கொழகொழவென்று இருப்பதற்கு லூலூவின் மந்திரம். பாஸ் சண்டையில் இது அருமை. ஆனால் சில்லறைச் சண்டையில் எதிரியைப் பார்த்த கணமே விடை தெரிந்துவிடுகிறது. தெரிந்த விடையையே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. போதாததற்கு, சண்டையில் ஒரு முறையாவது களமிறங்கியவருக்கே வளர்ச்சிப் புள்ளி. எல்லோரையும் வளர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, ஒரு வேலை கொடுத்து, வெளியே அனுப்ப வேண்டும். கணினிப் பதிப்பில் வேகத்தைக் கூட்டவும், இந்தச் சண்டைகளே வராமல் நிறுத்தவும் வசதி வைத்திருக்கிறார்கள். பாரம் எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டிவிடுகிறது.

12-இல் மறுபடி இடோ வருகிறார், இந்த முறை இயக்குநர்களில் ஒருவராக. கடிகாரம் ஓடட்டும், யோசிப்பதை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய கேம்பிட் முறை. ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு நிபந்தனை, ஒரு செயல். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, முதலில் பொருந்துவதைச் செய்வார்கள். ‘கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழே போனால் குணப்படுத்து’ என்பது எல்லோரும் எழுதும் வரி. ‘எதிரியின் உயிர் முழுசாக இருந்தால் திருடு’ என்று எழுதிப் பாருங்கள். முதல் அடி விழும்வரை திருடிவிட்டு, அப்புறம் கீழே இருக்கும் ‘தாக்கு’ வரிக்குத் தானாக இறங்கிவிடுவார். இறந்தவரை எழுப்பும் வரி ‘தாக்கு’ வரிக்குக் கீழே இருந்தால், எதிரி எதிரே நிற்கும்வரை அது நடக்கவே நடக்காது. வரிசைதான் எல்லாம்.

‘கேம் தன்னைத் தானே விளையாடிக்கொள்கிறது’ என்று இதைக் குறை சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் செத்தால் எந்த வரி தப்பு என்று தேடுகிறேன். மந்திர சக்தி பாதியிலேயே தீர்ந்தால், குணப்படுத்தும் அளவை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தேன் என்று பார்க்கிறேன். ஒரு தப்பைத் திருத்தினால் அடுத்த ஐம்பது சண்டைக்கும் அது திருத்தம். 10-இல் நான் எடுத்த நல்ல முடிவு அந்தச் சண்டையோடு போய்விடும். இங்கே அது சேமிப்பாகிறது. எதிரிகளும் தனித்திரையில் திடீரென்று குதிப்பதில்லை, அந்த நிலத்திலேயே உலவுகிறார்கள். வேண்டாமென்றால் சுற்றிப் போகலாம். வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுகிறவருக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

10-இன் கடைசிக் கட்டத்தில் வரும் அரங்கத்து மிருகங்களோடு நான் மோதியதில்லை. அங்கே அந்த நிதானமான முறை முழு பலத்தையும் காட்டலாம். 12-இலும் 5 கோடிக்கு மேல் உயிர் உள்ள யாஸ்மாட் என்ற எதிரியை நான் தொடவில்லை. பிறகு வந்தவற்றில், 2009-இன் 13 முழுக் குழுவின் சண்டைப் பொறுப்புகளையும் ஒரே பொத்தானில் மாற்றவிட்டது. 2023-இன் 16 முழு ஆக்‌ஷன், நான் டெமோ மட்டுமே விளையாடியிருக்கிறேன். பட்டியல் எழுதும் சுகம் அதில் இல்லை என்பது வரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும்.

12-ஐ எடுப்பதென்றால் 2017-இல் வந்த ‘தி ஸோடியாக் ஏஜ்’ பதிப்பையே எடுங்கள். நான்கு மடங்கு வேகம் வரை போகலாம், ஆளுக்கு இரண்டு தொழில் (எந்த ஆயுதம், எந்த மந்திரம் என்பதைத் தீர்மானிப்பது). ஆரம்பத்தில் கேம்பிட் வரிகளுக்கு இடம் குறைவாக இருக்கும். திறமைகளைத் திறக்கும் லைசென்ஸ் பலகையில் மற்றதை விட்டுவிட்டு அந்த இடங்களை முதலில் திறந்துவிடுங்கள். தொழில் பிடிக்கவில்லையென்றால் ரபனாஸ்டர் நகரத்து கிளான் மண்டபத்தில் மோன்ட்பிளாங்க் என்ற கேரக்டரிடம் போய் மாற்றிக்கொள்ளலாம்.