பெரிகோரா, ஓவெர்னா?

பிரான்ஸின் பழைய நாட்டுப்புறத்தைப் பார்க்க ஒரு வாரம்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டால் பலரும் பெரிகோரைத்தான் சொல்வார்கள். தென்மேற்கில், தோர்தோன் ஆற்றங்கரை. சொல்வதில் தப்பில்லை. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்ற பெனாக், காஸ்தெல்நோ கோட்டைகள் இன்றும் ஆற்றுக்கு இருபுறமும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பழைய பேட்டைகளைக் காக்க 1962-இல் வந்த சட்டத்தால் முதலில் பலன் பெற்ற ஊர்களில் ஒன்று சார்லா. அதனால்தான் அதன் தேன்நிறக் கல்வீடுகள் இடிபடாமல் தப்பின.

பெரிகோரிலேயே இருக்கும் லஸ்கோ குகை ஓவியங்கள் 1940-இல் கண்டெடுக்கப்பட்டன. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே சுவரைக் கெடுத்ததால் 1963-இல் குகையை மூடிவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது நகல்தான். சுமார் 17,000 ஆண்டு பழைய ஓவியம் பிழைக்க வேண்டுமே, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனாலும் என் மனசு ஓவெர்ன் பக்கம்தான் சாய்கிறது. நடு பிரான்ஸின் எரிமலை நாடு அது. எல்லாம் அணைந்து புல் மூடிய மலைகள். அவற்றில் 1,465 மீட்டர் உயர புய் த தோம் மேல்தான், விஞ்ஞானி பாஸ்கல் சொன்னபடி அவருடைய அக்காள் கணவர் 1648-இல் பாதரசக் குழாயோடு ஏறி, உயரம் கூடினால் காற்றழுத்தம் குறைகிறது என்று காட்டினார். பக்கத்து நகரமான கிளெர்மோனின் பேராலயமும் எரிமலைக் கல்தான், கன்னங்கரேல் என்று நிற்கும். முதல் பார்வையில் பிடிக்காமல் போகலாம்.

ஓவெர்னின் உயிர் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது. செம்பழுப்பு நிறச் சலேர் மாடு, கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பால் சுரக்காது. முதலில் கன்றை ஊட்டவிட்டு, பிறகு தாயின் முன்னங்காலில் கட்டுவார்கள். கன்றின் முதுகில் கொஞ்சம் உப்பைத் தூவுவதும் உண்டு. தாய் அதை நக்கிக்கொண்டே நிற்க, கறவை நடக்கும். அந்தப் பாலை மரத்தொட்டியில் உறையவைத்துச் சலேர் சீஸ் செய்கிறார்கள். எல்லாப் பண்ணையும் இந்த மாட்டை வைத்திருப்பதில்லை. கறக்கப் பொறுமை வேண்டும், பாலும் குறைவு. அப்படியும் விடாமல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய பாரம்பரியமாகத் தெரிகிறது. பெரிகோரில் பழமையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இங்கே அது விடியற்காலையில் வேலைக்குப் போகிறது.

சரி, ஓவெர்ன்தான் என்று முடிவு செய்தால் ஒன்று கவனியுங்கள். மாடு பச்சைப்புல் மேயும் ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரைதான் சலேர் சீஸ் செய்ய அனுமதி. குளிர்காலத்தில் போனால் சீஸ் கிடைக்கும், செய்வதைப் பார்க்க முடியாது.